வளாகத்தில் ஜென் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜென் என்பது தியானத்தை முதன்மையாகக் கொண்ட ஜப்பானிய பௌத்த மரபு. சரளை பரப்பி, கற்கள் வைத்து, ரேக் எனும் பல்லுள்ள வாரியால் சரளையில் கோடு இழுத்து, உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைப்பதே ஜென் தோட்டம். பெங்களூரில் கல்வி வளாகங்களுக்குள் இதை அமைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜென் தோட்டம் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது புத்தர் சிலை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் சிலை இல்லை, நீரூற்று இல்லை. ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துக்கு வெளிர்நிறச் சரளை. அதில் 15 கற்கள், அவற்றின் காலடியில் கொஞ்சம் பாசி. அவ்வளவுதான். கல் விளக்கு தேநீர்த் தோட்டத்து வழக்கம், வளைந்த பாலம் குளமுள்ள தோட்டத்துக்கானது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் கண் எதிலும் தங்காது.

ரியோஆன்ஜியில் தோட்டத்துக்குள் யாரும் நடப்பதில்லை. மரத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்கே உட்கார்ந்தாலும் 15 கற்களில் ஒன்றாவது மறைந்திருக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆக, உட்காரும் இடம் முடிவான பிறகுதான் கல்லே வைக்க முடியும். நம் வளாகங்களிலோ சரளை கொட்டி, கல் வைத்து, திறப்பு விழா நெருங்கும்போது பெஞ்சுக்கு இடம் தேடுகிறார்கள். பெரும்பாலும் கொடுக்கப்படும் இடமும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சிய துண்டு நிலம். வகுப்புக்கு நேரமானால் பிள்ளைகள் குறுக்கே நடக்கத்தான் செய்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. மூன்று பக்கம் மறைவும் ஒரு பக்கம் நிழலான திண்ணையும் அமையும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டர் பக்கத்து இடம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கல் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். பெங்களூரே பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். லால்பாக் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. இப்படிப்பட்ட ஊரில் பாலிஷ் போட்ட கல்லை வாங்கி வந்து தரைமேல் அப்படியே நிறுத்தினால் பார்க்க மனசு வருவதில்லை. வெயில் மழை பட்டு நிறம் பழுத்த, கற்பாசி படர்ந்த கல்லாகத் தேடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகட்டும். அப்போதுதான் கல் அந்த மண்ணிலேயே முளைத்தது போல நிற்கும்.

சரளையில், உருண்டையான கூழாங்கல் சரிப்படாது. ரேக்கால் இழுத்த கோடு உடனே சரிந்துவிடும். கிரஷரில் உடைத்த, முனையுள்ள 6 மி.மீ. ஜல்லிதான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பொடியைச் சலித்துக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் மழைக்குப் பிறகு கெட்டிப்பட்டு ரேக் இறங்காது. வெள்ளை மார்பிள் சில்லு வேண்டவே வேண்டாம், மார்ச் மாத மதியத்தில் கண் கூசும். வெளிர் சாம்பல் கருங்கல் போதும். மூன்று அங்குலமாவது கனம் இருக்கட்டும், அடியில் துணி விரித்து வடிகாலும் வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் மரம். பழைய வளாகங்களில் தூங்குமூஞ்சி மரங்கள் நிறைய. அதன் இலை பொடிப்பொடியானது. சரளை இடுக்கில் இறங்கி மக்கி மண்ணாகிவிடும், அந்த மண்ணில் புல் முளைக்கும். புல்லைக் கண்டதும் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். கோளாறு இலையில் இருக்கும்போது புல்லுக்கு மருந்தடித்து என்ன பயன்? மரத்தை வெட்டச் சொல்லவில்லை. தோட்டத்தை அந்தக் கிளைகள் எட்டாத தூரத்துக்குத் தள்ளி அமையுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கோடு இழுப்பது யார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். வளாகம் முழுக்கப் பெருக்கும் ஆளிடமே இதையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை பாதியில்தான் நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் இலைகளைக் கையால் பொறுக்கினார். பிறகு ஒவ்வொரு கல்லையும் சுற்றி வட்டம் போட்டார். அதற்குப் பிறகே தூரத்து மூலையிலிருந்து பின்னோக்கி நடந்தபடி நேர்க்கோடுகளை இழுத்து, தன் கால் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு வெளியே வந்தார். "நேர்க்கோட்டை முதல்ல போட்டா, வட்டம் போட உள்ள போறப்ப எல்லாம் கெட்டுடும் தம்பி" என்றார். இந்தக் கைப்பழக்கம் ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஆளோடு போய்விடக் கூடாது. விருப்பமுள்ள மாணவர்கள் அவரிடமே கற்றுக்கொள்ளட்டும், அவருக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். ஜென் மடங்களில் பெருக்குவதும் கோடு இழுப்பதும் தியானத்தின் பகுதிதான். வெறும் 'தொடாதே' பலகை மாட்டினால் மாணவர்களுக்கு அது கிடைக்காமலே போகும்.

விடுமுறையையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் காற்றும் வரும்போது வளாகம் காலியாக இருக்கும், இலையும் சேறும் அப்போதுதான் சேரும். அந்த மாதங்களுக்கும் ஆள் கூலியை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர்கள் திரும்பி வரும்போது மொத்தச் சரளையையும் வாரிக் கழுவ வேண்டியிருக்கும்.