பூச்சியம் வந்தால் பிழை என்று அர்த்தமில்லை

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுபவருக்குப் பிஎச்பி என்ற நிரலாக்க மொழியில் ஒரு முன்பதிவுத் தளம் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆசனம் 8 என்று பதிந்து 'சேமி'யை அழுத்துகிறார். ஏற்கெனவே அங்கே 8தான் இருக்கிறது. "அப்படி ஒரு படகே இல்லை" என்கிறது திரை. படகோ கரையில் கட்டிக் கிடக்கிறது!

காரணம் இதுதான். மைசீக்வல் என்ற தரவுத்தளத்தில் அப்டேட் (திருத்தும் கட்டளை) செய்தபின், 'எத்தனை நிரைகள்?' என்று சொல்லும் ரோகவுன்ட் தருவது உண்மையிலேயே மாறிய நிரைகளின் (வரிசைகளின்) எண்ணிக்கை. நிபந்தனைக்குப் பொருந்திய நிரைகளின் எண்ணிக்கை அல்ல. பழைய மதிப்பையே திரும்ப எழுதினால் 0. அந்த 0-ஐப் பார்த்துத்தான் தளம் 'படகு இல்லை' என்று முடிவு கட்டுகிறது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் அப்படியல்ல, பொருந்தியதை எல்லாம் எண்ணிவிடும். பிடிஓ (பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் கருவி) இணைப்பை உருவாக்கும்போதே 'ஃபவுண்ட் ரோஸ்' அமைப்பை இயக்கினால் மைசீக்வலும் அப்படியே எண்ணும். அது வேண்டாமென்றால், படகு இருக்கிறதா என்று முதலில் ஒரு செலக்ட் (தேடி எடுக்கும் வினவல்) போட்டுப் பாருங்கள். சிலர் 'மாற்றிய நேரம்' என்ற நிரலில் (column) ஒவ்வொரு முறையும் நௌ (இப்போதைய நேரம்) போட்டுத் தப்பிக்கிறார்கள். ஒரே வினாடிக்குள் இரண்டு தரம் அழுத்தினால் அந்தப் பூச்சியம் திரும்பவும் வந்து நிற்கும்.

இல்லாத நிரையைச் சேர்த்து, இருப்பதைத் திருத்தும் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' இன்னும் குழப்பும். புதிதாகச் சேர்ந்தால் 1, இருந்த நிரை மாறினால் 2, மாற்றமே இல்லையென்றால் 0. இதை அப்படியே திரையில் காட்டினால், ஒரு படகைத் திருத்தியவருக்கு "2 படகுகள் சேர்க்கப்பட்டன" என்று வரும்.

பிஎச்பியை மைசீக்வலோடு இணைக்கும் இன்னொரு கருவியான மைசீக்வல்ஐயில், வினவல் தோற்றால் நிரை எண்ணிக்கையாகக் கிடைப்பது -1. பிஎச்பியின் இஃப் (நிபந்தனைக் கட்டளை) அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். பிஎச்பி 8.1 பதிப்பிலிருந்து தோல்வி இயல்பாகவே எக்செப்ஷனாக (ஓட்டத்தை நிறுத்தும் பிழையாக) வருகிறது, சரி. ஆனால் அதை அணைத்து வைத்த பழைய தளங்கள் இன்னும் ஓடுகின்றன. ஆகவே 0-ஐவிடப் பெரியதா என்று கேட்பதே பாதுகாப்பு. அந்த எண் இணைப்பில் கடைசியாக ஓடிய வினவலுக்கு உரியது என்பதால், இடையில் லொக் (நடந்ததைப் பதியும் குறிப்பு) எழுதும் இன்சர்ட் ஒன்று நுழைவதற்குள் அதை ஒரு மாறியில் எடுத்து வைத்துவிடுங்கள்.

செலக்டுக்கு ரோகவுன்டை நம்பவே வேண்டாம். மைசீக்வலில் பெரும்பாலும் சரியாக வரும்; எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் வராது. நிரைகளை எண்ணித் தரும் கவுன்ட் வினவல் எதற்கு இருக்கிறது?

அப்புறம், ஒரு பயணத்தை அழிக்கும்போது கேஸ்கேட் (தொடர்புள்ள நிரைகளையும் தானாக அழிக்கும் விதி) வழியாக அதன் பயணிகள் பதிவும் சேர்ந்து அழிந்தாலும், மைசீக்வல் உங்களிடம் 1 என்றுதான் சொல்லும். எத்தனை பேருக்குப் பணம் திருப்ப வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், அழிப்பதற்கு முன்பே எண்ணி வையுங்கள்.