சிகாகோ மக்காச்சோளம்: ரிப்போர்ட் வேறு, லிமிட் வேறு

எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் எழுதித் தருவது இரண்டு எண்கள்: 250, 57,800. சிகாகோ மக்காச்சோள பியூச்சர்ஸில் (பின்னால் வரும் மாத டெலிவரிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) முதலாவது ரிப்போர்ட் அளவு, லாட் (ஒப்பந்த) கணக்கில். இரண்டாவது, எல்லா டெலிவரி மாதங்களையும் சேர்த்து ஒரு ஊக வணிகர் வைத்திருக்கக்கூடிய நிகர (வாங்கியதற்கும் விற்றதற்கும் உள்ள வித்தியாசம்) உச்சவரம்பு, அதாவது லிமிட்.

250ஐத் தொடுவது குற்றமில்லை. ஏதாவது ஒரு டெலிவரி மாதத்தில் அன்றைய சந்தை முடிவில் 250 லாட் இருந்தால், புரோக்கர் உங்கள் மக்காச்சோளப் பொசிஷன் (கையிலுள்ள ஒப்பந்தங்கள்) மொத்த விவரத்தையும் பியூச்சர்ஸ் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையமான சி.எஃப்.டி.சி.க்கு அனுப்பிவிடுவார். கணக்கு யாருடையது, முடிவெடுப்பவர் யார் என்பதையும் படிவம் 102இல் அவரே தருவார். விவரம் கேட்டால் சரியாகக் கொடுங்கள், போதும். வணிகர் தன்னைப் பற்றி விவரம் தரும் படிவம் 40 மட்டும் உங்கள் வேலை. அதுவும் ஆணையம் கேட்டால்தான்.

லிமிட்டில் எண்ணுவதுதான் தலைவலி. உங்கள் பெயரிலுள்ள கணக்கோடு நிறுத்தாதீர்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கணக்குகளும், பங்கே இல்லாமல் நீங்கள் ஆர்டர் போடும் கணக்குகளும் பொதுவாகச் சேர்ந்துவிடும். ஆப்ஷனை (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை) டெல்டாவால் (பியூச்சர்ஸ் விலை மாறும்போது ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்ற விகிதம்) பெருக்க வேண்டும்: 0.40 டெல்டாவில் 1,000 கால் (வாங்கும் உரிமை) வாங்கியிருந்தால் 400 லாட். நடுப்பகலில் தாண்டினாலும் மீறல்தான். "சாயங்காலத்துக்குள் குறைத்துவிட்டோமே" என்ற பதில் எடுபடாது.

டெலிவரி நெருங்கினால் அந்த மாதத்துக்கு 57,800ஐ மறந்துவிடுங்கள். முதல் டெலிவரி அறிவிப்பு நாளுக்கு முந்தைய வர்த்தக நாள் முடிந்ததும் வரம்பு 1,200 லாட்டாகச் சுருங்குகிறது. லாட்டுக்கு 5,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) என்றால் 60 லட்சம் புஷல். நான் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே காலண்டரில் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன்.

கையில் சரக்கு இருந்து ஹெட்ஜ் செய்பவர்கள் (விலை மாற்ற நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்பவர்கள்) லிமிட்டைத் தாண்டலாம், ஆனால் எக்ஸ்சேஞ்சிடம் முன்கூட்டியே விலக்கு வாங்க வேண்டும். திடீரென்று, எதிர்பாராமல் தேவை வந்தால், தாண்டிய பிறகு 5 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கொள்முதல் ஒப்பந்தம், கிடங்கு இருப்புக் கணக்கு எல்லாம் அப்போது தேடக் கூடாது. தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் செக்லிஸ்ட்டில் தானியச் சரக்கு நிலையைத் தெரிவிக்கும் படிவம் 204 இன்னும் இருந்தால் அது 2021க்கு முந்தையது. தூக்கிப் போடுங்கள். பருத்தி வணிகர்களுக்கான வாராந்தரப் படிவம் 304ஐ மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.