நின்ற வண்டியும் ஓடிய வண்டியும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், விற்பவர் முதலில் சொல்வது அது ஓடிய தூரத்தைத்தான். பத்து வயதான கார், ஓடியது பதினெட்டாயிரம் கிலோமீட்டர், ஒரே கை, மழையில் நனைந்ததே இல்லை என்று அவர் அடுக்கும்போது, பல ஆண்டுகளாக அந்த மாடலையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு வேறெதுவும் காதில் விழாது. இந்திரா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்டில், 2012-இல் பதிவான போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றின் முன் நானும் அந்த நிலையில்தான் நின்றிருந்தேன். கல்லூரி நாட்களிலிருந்து நான் ஆசைப்பட்ட கார் அது. உடன் வந்திருந்த அல்சூர் மெக்கானிக் பெயின்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கைபேசி வெளிச்சத்தைப் பின் டயரின் பக்கவாட்டில் அடித்து, அங்கே பொறித்திருந்த 4111 என்ற எண்ணைக் காட்டினார். 2011-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரத்தில் தயாரான டயர் என்று அதற்குப் பொருள். காரோடு வந்த அதே டயர்தான், பத்தாண்டுகளுக்குப் பிறகும். "இது கம்மியா ஓடின வண்டி இல்ல சார், ரொம்ப நாள் நின்ன வண்டி" என்றார்.

அந்த வேறுபாட்டைக் காணத் தவறுவதிலிருந்துதான் வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. நிற்கும் காரில் தேய்மானம் நின்றுவிடுவதில்லை, வேறு இடத்துக்கு மாறுகிறது. எஞ்சினின் ரப்பர் சீல்கள் எண்ணெய் படாமல் உலர்ந்து சுருங்குகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதன் கொதிநிலை குறைகிறது. டயர்கள் ஒரே இடத்தில் எடை தாங்கி உருவம் கெடுவதோடு ரப்பரும் இறுகிப்போகிறது. பெட்ரோல் பழசாகி இன்ஜெக்டர்களில் படிகிறது. பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்ற எண் இவற்றில் ஒன்றையும் சொல்லாது.

நம் ஊரில் இந்த எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. சில்க் போர்டு சந்திப்பிலும் வெளிவட்டச் சாலையிலும் ஊர்ந்த கார், கிலோமீட்டர் சேர்க்காமலேயே எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டியிருக்கும். போர்ஷே கார்களின் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்பதையும், எத்தனை முறை வரம்புக்கு மேல் சுற்றவைக்கப்பட்டது என்பதையும் பதிந்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டி, ஓடிய தூரத்தை இயங்கிய மணியால் வகுத்துப் பார்க்க வேண்டும். மீட்டரில் 24,000 கிலோமீட்டரும் கணினியில் 1,600 மணியும் இருந்தால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்; அது நகர நெரிசலிலேயே காலம் கழித்த எஞ்சின். அதே தூரத்துக்கு 600 மணி என்றால் சராசரி 40. நெடுஞ்சாலையில் நன்றாக மூச்சு விட்ட வண்டி என்று கொள்ளலாம். மீட்டரைத் திருத்தியவர்கள் இந்தக் கணக்கைத் திருத்த மறந்துவிடுவதும் உண்டு என்பதால், மீட்டர் மோசடியையும் இது காட்டிக் கொடுக்கும்.

அடுத்த தவறு, மாடலின் பெயரை மட்டும் அறிந்து அதன் வரலாற்றை அறியாமல் போவது. பாக்ஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் முன்னறிவிப்பின்றி உடைந்து மொத்த எஞ்சினையும் பாழாக்கியது உலகெங்கும் அறியப்பட்ட குறை. 2009-இல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாத 2008 காருக்கும் 2009 காருக்கும் நடுவே, உள்ளே இத்தனை தூரம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களிலும் இதே கதைதான். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230-இல் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பெட்டி, கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இயங்கும் வகையைச் சேர்ந்தது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கான பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்வது நல்லது. நீங்கள் விரும்பும் மாடலின் எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எந்தக் கியர்பெட்டி என்பதை உறுதி செய்துகொள்ளும் வரை ஒரு காரையும் நேரில் பார்க்கப் போகாதீர்கள். பார்த்துவிட்டால் மனம் காரின் பக்கம் சாய்ந்துவிடும்.

பளபளப்பை நம்புவது மூன்றாவது தவறு. பாலிஷ் போட ஒரு நாள் போதும், எனவே பாலிஷ் எட்டாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். பெயின்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 400, 500 என்று காட்டினால் உள்ளே பட்டி பூசப்பட்டிருக்கிறது. அடிபட்டுச் சரிசெய்த கார் என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. அடிபட்டதை மறைத்து விற்பவரை ஒதுக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் காட்டுவதில்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் விலையுயர்ந்த கார்கள் நீரில் நின்றதை இந்த ஊரே பார்த்தது. நம்மில் பலர் நம்பிக்கைக்காகச் சென்னையில் உறவினர் மூலம் கார் தேடுகிறோம். அங்கே 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அதே நிலைதான். சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். கண்ணில் படும் பகுதியைத்தான் துவைத்திருப்பார்கள்; சுருளின் உள்ளே கிடக்கும் பகுதியில் சேற்றின் கோடு நேராக, பென்சிலால் வரைந்தது போல் தெரியும். இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பின் கீழ் மண்ணின் வாடை, ஃபியூஸ் பெட்டியின் செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் காரை விட்டு வந்துவிடுங்கள். மின்னணுப் பெட்டிகள் நிறைந்த காரில் ஈரத்தின் சேதம் ஒரே நாளில் வெளிப்படாமல் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்.

பாக்ஸ்டர் போன்ற கார்களில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், மூடிய பலகைகளின் கீழ் இருக்கிறது. பானட்டைத் திறந்தால் சாமான் வைக்கும் இடம்தான் தெரியும். ஆகவே ராம்பில் ஏற்றி அடியிலிருந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. நம் ஊர் வேகத்தடைகள் அடித்தகடுகளில் எழுதியிருக்கும் கதையையும் அங்கேதான் படிக்க முடியும். ஸ்கேனரைப் பொருத்தும்போது பிழைகள் எதுவும் இல்லை என்பதோடு நிறைவடைந்துவிடக் கூடாது; காரின் சுயசோதனைகள் நிறைவுபெறவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ பிழைகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டுபவரிடம் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.

பத்திரங்களில் செய்யும் தவறுதான் பணத்தை மிகுதியாக விழுங்குகிறது. டெல்லியில் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் கார்களும் 10 ஆண்டைக் கடந்த டீசல் கார்களும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் இட்ட உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன் விளைவாக அந்த வயதை நெருங்கும் நல்ல கார்கள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. விலையைப் பார்த்து மயங்குபவர்கள், கர்நாடகத்தில் கட்ட வேண்டிய ஆயுள் வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் எஞ்சிய பகுதியைத் திரும்பப் பெற அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலையில் பெங்களூரில், மகாராஷ்டிரப் பதிவெண்ணுடன் ஓடிய ஃபெராரி ஒன்றின் உரிமையாளர் வரியும் அபராதமுமாக ஏறத்தாழ 1.41 கோடி ரூபாய் கட்ட நேர்ந்தது. நாம் வாங்குவது அந்த விலைக் கார் அல்ல என்றாலும் விதி ஒன்றுதான்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் சாதாரணக் காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. 2011-இல் பதிவான காரை இன்று வாங்குபவர் இதை விலையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கும் வரை முழுப்பணத்தையும் கொடுக்கக் கூடாது. வாங்கிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராமல் இருந்ததற்காக விற்றவர் பெற்ற பிரீமியம் சலுகையான நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. ஐந்தாண்டைக் கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. அவர்கள் முதலில் சொல்லும் குறைந்த மதிப்புக்கு, பிரீமியம் குறைகிறதே என்று ஒப்புக்கொண்டால், ஒரு விபத்திலேயே கார் முழு இழப்பாகக் கணக்கிடப்பட்டுக் கையை விட்டுப் போய்விடும்.

இந்திரா நகர்க் காரை நான் வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து, 61,000 கிலோமீட்டர் ஓடிய, கர்நாடகப் பதிவு கொண்ட 2010 பாக்ஸ்டர் ஒன்றை வாங்கினேன். ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றிய பில்கள் தேதி வரிசையில் ஒரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்புக்காகத்தான் அதை வாங்கினேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்தேன். முதல் மூன்று மாதத்தில் டயர்கள், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ்கள் என்று அதில் பெரும்பகுதி கரைந்தது. முன்னே 235, பின்னே 265 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்கள் என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போடவும் முடியாது. ஒதுக்கீடு இல்லாமல் வாங்குபவர் இந்த வேலைகளைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்ட கார்தான் மீண்டும் பேஸ்மென்டில் நிற்கத் தொடங்குகிறது.

வாங்கியபின் நடக்கும் பெரிய தவறு, ஆசைக் கார் என்பதாலேயே அதை எடுக்காமல் வைத்திருப்பது. வாரம் ஒருமுறை கீழே போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவிட்டு வருவதைப் பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது நன்மையைவிடக் கேட்டையே மிகுதியாகச் செய்கிறது. அந்த நேரத்தில் எஞ்சின் எண்ணெய் முழுச்சூட்டை எட்டாததால், உள்ளே உருவான ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து தங்கிவிடுகின்றன. பேட்டரிக்கும் போதிய சார்ஜ் ஏறுவதில்லை. ஞாயிறு அதிகாலை ஐந்தரைக்கு அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையைப் பிடித்து ஹொசகோட்டை தாண்டிச் சென்று திரும்பினால் போதும். அந்த ஒன்றரை மணி நேரம் காருக்கு எந்த மருந்தைவிடவும் நல்லது. வெளியூர் போக நேர்ந்தால், பேட்டரியின் சார்ஜ் இறங்காமல் காக்கும் மெயின்டெய்னரை இணைத்துவிட்டுப் போகலாம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஐரோப்பிய கார்கள் பல 10 சதவீத எத்தனாலுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேங்கவிடாமல் ஓட்டித் தீர்ப்பதும், எரிபொருள் குழாய்களை ஆண்டுக்கொருமுறை பார்ப்பதும் அவசியம். எண்ணெயை ஆயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் ஆண்டுக்கொருமுறையும், பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கொருமுறையும் மாற்றிவிட வேண்டும்.

நானும் ஒரு தவறு செய்தேன். வீட்டுக்கு எதிரே உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் காருக்கு நல்லது என்று நினைத்து, இரண்டு ஆண்டு அதன் கீழேயே நிறுத்தினேன். இரண்டாவது மழைக்காலத்தில் காருக்குள் புளித்த வாடை அடித்தது. தரைவிரிப்பை அழுத்தினால் விரல்களுக்கு இடையே நீர் கசிந்தது. துணிக்கூரையில் விழும் மழைநீர் வடிவதற்குக் கதவுகளுக்குப் பின்னால் இருபுறமும் சிறு துளைகள் உண்டு. மெக்கானிக் அங்கே விரலை விட்டு எடுத்தபோது, அந்த மரத்தின் பொடி இலைகள் தேயிலைச் சக்கை போல் கறுத்து ஒரு கைப்பிடி வந்தன. முதல் தலைமுறை பாக்ஸ்டரில் கதவுப் பூட்டையும் அலாரத்தையும் கட்டுப்படுத்தும் பெட்டி இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், இதே அடைப்பு கார் ஸ்டார்ட் ஆகாத நிலைக்குக் கொண்டுவிடும். என் காரில் ஈரம் அத்தனை தூரம் போகவில்லை. இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டிருந்த இடத்தில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதே இலைகள் முன் பம்பருக்குள்ளும் போகின்றன. எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே சேரும் சருகு ஈரத்தைப் பிடித்து வைத்து அலுமினியத்தை அரிக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பம்பரைக் கழற்றிக் கையால் எடுக்க வேண்டும், அது அரை நாள் வேலை. ஏப்ரலில் கோடை மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம் நான் அதைச் செய்துவிடுகிறேன். அன்றைக்கே வடிகால் துளைகளில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, காருக்கு அடியில் இருபுறமும் அது சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.