பள்ளிப் பட்டறையில் ஒரு மின்கித்தார்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மர அறுவை மில்களில் கிடைக்கும் மாம்பலகை, 45 மி.மீ. தடிமனில் நன்கு உலர்ந்திருந்தால், கித்தாரின் உடலுக்குப் போதும். ஈரம் வற்றாத பலகை பின்னர் முறுக்கிக்கொள்ளும் என்பதால், இதில் அவசரம் வேண்டாம்.

கித்தாரின் கழுத்தில் குறுக்காக ஃபிரெட் கம்பிகளைப் பதிக்கும் இடங்களே கருவியின் சுருதியைத் தீர்மானிக்கின்றன. கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடலில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள நீளத்தை 648 மி.மீ. என வைத்துக்கொண்டு 17.817 ஆல் வகுத்தால், முதல் ஃபிரெட் 36.37 மி.மீ. தொலைவில் அமையும், எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்து அடுத்ததைக் கணக்கிட வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் 324 மி.மீ. தொலைவில் விழாவிட்டால், ரம்பத்தைத் தொடும் முன்பே கணக்கைத் திருத்துங்கள். எல்லாக் கோடுகளையும் நட்டிலிருந்தே அளந்து குறிப்பது நல்லது. முந்தைய கோட்டிலிருந்து அளந்தால், மாணவர்களின் அரை மில்லிமீட்டர்ப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புக்கு, ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமுடியளவே பருமனுள்ள 42 கேஜ் எனாமல் செம்புக்கம்பியை ஏறத்தாழ 7,500 சுற்றுகள் சுற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். கம்பி அறுந்தால் பற்றவைத்துத் தொடரலாம். காந்தப்புலத்தை அசைத்தால்தான் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதால், நைலான் தந்தி உதவாது, எஃகுத் தந்தியே வேண்டும். பிரிட்ஜிலிருந்து, ஒலிபெருக்கியின் கேபிளைச் செருகும் ஜாக்கின் எர்த் முனைக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டால், தந்தியைத் தொட்டதும் இரைச்சல் பெருமளவு அடங்கும்.