வீட்டுக்குச் சேதம் வந்தால் காப்பீட்டுப் பணம் கோருவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

வீட்டில் இப்போது தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது, அல்லது கூரை பறந்துவிட்டது என்றால் முதல் படியை விட்டுவிட்டு நேராக இரண்டாம் படிக்குப் போங்கள். மற்றவர்கள் முதலிலிருந்து படிக்கலாம்.

வீட்டுக் காப்பீடு எடுத்தவர்களில் பலர் பாலிசியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சேதம் வந்த அன்றைக்குத்தான் அதைப் பிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் மனம் பதறிப் போயிருக்கும், சின்ன எழுத்தில் இருக்கிற எதுவும் தலையில் ஏறாது. நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்தை எத்தனையோ பேர் இப்படியே இழக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்பதெல்லாம் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்: சேதம் எதனால் வந்தது, எப்போது வந்தது, அதன் மதிப்பு என்ன? இந்த மூன்றுக்கும் கையில் ஆதாரம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஆதாரத்தைச் சேர்ப்பதற்குத்தான்.

படி 1: சேதம் வருவதற்கு முன்பே பாலிசியைப் படியுங்கள்

பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் போலப் படிக்க வேண்டாம். முதலில் அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, காப்பீட்டுத் தொகை, காலம், வீடு எப்படிப் பயன்படுகிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் குடியிருப்பதாக அதில் இருந்து, உண்மையில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் இன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள். வீடு பூட்டியே கிடக்கிறது என்றாலும் அப்படித்தான். தொடர்ந்து 30 நாள் அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் சில வகைச் சேதங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு.

அடுத்து, பாலிசி எந்த வகை என்று பாருங்கள். சில பாலிசிகள் தீ, மின்னல், புயல், திருட்டு என்று ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும். பட்டியலில் இருக்கும் ஒன்றால்தான் சேதம் வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். வேறு சில, விலக்கியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு தரும். அங்கே, இது விலக்கில் விழுகிறது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துடையது. பின்னால் தகராறு வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

அப்புறம் விலக்குகள் பகுதி. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பழுது, தேய்மானம், துரு, கரையான், மெல்ல மெல்லக் கசிந்த நீர், மோசமான கட்டுமானம் ஆகியவை அநேகமாக எல்லாப் பாலிசியிலும் விலக்கப்பட்டிருக்கும். வெள்ளம், நிலநடுக்கம், கழிவுநீர் பின்னோக்கி ஏறி வருவது ஆகியவை சிலவற்றில் சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் தனிக் கட்டணம் கட்டினால்தான் கிடைக்கும். விலக்கின் கடைசியில் “ஆனால்” என்று தொடங்கும் வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். விலக்கிய சேதத்தின் தொடர்ச்சியாகத் தீ பிடித்தால் அந்தத் தீக்குப் பணம் உண்டு என்பது போன்ற நல்ல செய்திகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாகக் காப்பீட்டுத் தொகை. வீட்டின் சந்தை விலைக்குக் காப்பீடு எடுப்பது தவறு. நிலம் எரிந்து போகாது. இடிந்ததை அகற்றி, அதே அளவில் மறுபடி கட்ட இன்றைக்கு என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு. தொகையைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும், ஆனால் பல பாலிசிகளில் விகிதாசாரக் கழிவு விதி இருக்கிறது. மறுபடி கட்ட 100 பங்கு செலவாகும் வீட்டை 60 பங்குக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், 20 பங்கு சேதம் வந்தது என்று வையுங்கள். 20 கிடைக்காது, 12தான் கிடைக்கும். சின்னச் சேதத்திலும் இந்த வெட்டு விழும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 2: சேதம் நடந்த அன்று

உயிர் முதலில். மின் இணைப்பையும் எரிவாயுவையும் நிறுத்துங்கள். சுவர் விரிசல் விட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தால் பிரதான வால்வை மூடுங்கள்.

பிறகு, எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். வெளியிலிருந்து தொடங்கி, வாசல் வழியாக நுழைந்து, ஒவ்வோர் அறையாக நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுப்பது நல்ல வழி. அதன் பிறகு சேதமான ஒவ்வொன்றையும் தள்ளி நின்று ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். சேதமாகாத பகுதியையும் எடுத்து வையுங்கள். வீடு நல்ல பராமரிப்பில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து, சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டும். இது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். கூரையில் தார்ப்பாய் போடுவது, உடைந்த ஜன்னலைப் பலகையால் அடைப்பது, தண்ணீரை இறைத்து அறையை உலர்த்துவது எல்லாம் இதில் வரும். ஈரமான இடத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை வரத் தொடங்கிவிடும், அதனால் நிறுவனத்திலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தற்காலிக வேலைக்கான நியாயமான செலவைப் பொதுவாகக் கோரிக்கையில் சேர்க்கலாம், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் நிரந்தரப் பழுதுபார்ப்பை, நிறுவனத்தின் ஆள் பார்வையிடும் வரை தொடங்க வேண்டாம்.

உடைந்த குழாய்த் துண்டு, கருகிய சுவிட்ச், நனைந்த கம்பளத்தின் ஒரு வெட்டு என்று எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குழாய் திடீரென்று வெடித்ததா, பல மாதம் துருப்பிடித்துக் கசிந்ததா என்பதை அந்தத் துண்டு சொல்லும். சில நேரம் மொத்தப் பணமும் அந்த ஒரு துண்டை நம்பித்தான் இருக்கும்.

திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார், தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை. இரண்டின் நகலும் வேண்டும்.

படி 3: நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்

அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். யாரோடு, எந்த நேரத்தில், என்ன பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நிதானம் அதிகம் தேவைப்படும் இடம் இந்த முதல் அழைப்புதான். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். “காலை ஆறு மணிக்கு எழுந்தபோது சமையலறைத் தரையில் தண்ணீர் இருந்தது, குழாய் இணைப்பு உடைந்திருந்தது” என்பது போதும். “ரொம்ப நாளாகவே கசிந்துகொண்டிருக்கும் போல” என்று வாய்தவறிச் சொன்னால், அந்த ஒரு வரி உங்கள் கோப்பில் ஏறிவிடும். மெல்லக் கசிந்த நீர் விலக்கில் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். அதற்காக, தெரிந்ததை மறைக்கவும் கூடாது. தெரிந்தே சொன்ன ஒரு பொய்யால் முழுக் கோரிக்கையும் செல்லாமல் போகலாம். தெரியாததற்கு “தெரியவில்லை” என்பதுதான் நேர்மையான பதில்.

காரணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு பெரிய அழிவுகளே போதும். 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்தது, அதைத் தொடர்ந்து நகரம் பல நாள் எரிந்தது. அங்கே பலரிடம் இருந்தது தீக் காப்பீடு. வீடு நடுக்கத்தில் விழுந்ததா, தீயில் எரிந்ததா என்பதைப் பொறுத்தே பணம் என்ற நிலை வந்து, பெரிய சச்சரவானது. 2005இல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோதும் அதே கதை. அங்கே வழக்கமான வீட்டுப் பாலிசியில் காற்றுக்குப் பாதுகாப்பு உண்டு, வெள்ளத்துக்கு இல்லை. வீட்டை இடித்தது காற்றா, கடல்நீரா என்று நீதிமன்றம் வரை போனார்கள். ஒரே நாளில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தால், எது முதலில் வந்தது, எது எதைச் சேதப்படுத்தியது என்பதைப் படத்தோடும் நேரத்தோடும் பிரித்துக் காட்டப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த வீடியோகூட உதவும்.

படி 4: “இதற்குப் பணம் வருமா?” என்று அடிக்கடி கேட்கப்படுபவை

உடைந்த குழாய்க்குப் பணம் வருமா? குழாய் பழசாகி உடைந்திருந்தால், குழாயை மாற்றும் செலவு பெரும்பாலும் வராது. ஆனால் திடீரென்று வெளியேறிய தண்ணீர் கெடுத்த தரைக்கும் சுவருக்கும் வரலாம். கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைத்து மூடும் செலவைச் சில பாலிசிகள் தனியாகத் தரும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், கேளுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் மேல்தளத்திலிருந்து தண்ணீர் வந்தால்? முதலில் உங்கள் பாலிசியிலேயே கோரலாம். பணம் கொடுத்த பிறகு, தவறு செய்தவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்குப் போகும். அதனால் மேல்வீட்டுக்காரர் கொஞ்சம் பணம் தந்து “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கையெழுத்து உங்கள் சொந்தப் பாலிசியையே பாதிக்கும்.

வாடகைக்கு இருப்பவரின் சாமான்கள் வீட்டுக்காரரின் பாலிசியில் வராது. அவர்கள் தனியாக எடுக்க வேண்டும். நகை, கலைப்பொருள், ரொக்கம் போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். வீட்டில் குடியிருக்க முடியாத நாள்களுக்கு மாற்று வீட்டு வாடகை தரும் பிரிவு பல பாலிசிகளில் உண்டு, அதையும் தேடுங்கள்.

படி 5: இழப்புப் பட்டியல் போடுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் பணம் இங்கேதான் கூடும், குறையும். ஒவ்வோர் அறையாகப் போங்கள். பொருள், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, அதே தரத்தில் இன்றைய விலை, ஆதாரம் என ஐந்து பத்திகள் போதும். பில் இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சலில் வந்த ரசீது, பழைய குடும்பப் படத்தில் பின்னால் தெரியும் பொருள் எல்லாமே ஆதாரம்தான். சோபா, டிவி நினைவுக்கு வந்துவிடும். திரைச்சீலை, பாத்திரம், போர்வை, புத்தகம், மருத்துவக் கருவி ஆகியவைதான் விட்டுப்போகும். அலமாரியை மனதுக்குள் திறந்து, தட்டு தட்டாக எழுதுங்கள். மிகைப்படுத்தி ஒரு பொருளைக்கூடச் சேர்க்காதீர்கள். ஒன்றில் சந்தேகம் வந்தால் மற்ற எல்லாவற்றையும் தோண்டுவார்கள்.

படி 6: சர்வேயர் வரும்போது

சேதத்தைப் பார்வையிட்டு மதிப்பிடும் சர்வேயரைப் பொதுவாக நிறுவனம்தான் நியமிக்கும். மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், ஆனால் அவர் உங்களுக்காக வேலை செய்பவர் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் கட்டாயம் உடனிருக்க வேண்டும். முடிந்தால் உங்கள் மேஸ்திரியையோ பொறியாளரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். வேலை வேலையாகப் பிரித்து எழுதிய மதிப்பீட்டைச் சர்வேயர் கையில் கொடுங்கள். வெறும் மொத்தத் தொகையை வைத்து யாரும் விவாதிக்க முடியாது. நகல் மட்டும் கொடுங்கள், அசலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு, எதையெல்லாம் பார்த்தார், என்ன கேட்டார் என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

படி 7: தொகை வந்ததும் கணக்கைப் பாருங்கள்

எவ்வளவு வந்தது என்பதோடு நிறுத்தாமல், எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். மொத்த இழப்பிலிருந்து தேய்மானம், எஞ்சிய பொருளின் மதிப்பு, தொகையைக் குறைத்துக் காப்பீடு செய்ததற்கான வெட்டு, நீங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை ஆகியவற்றைக் கழித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். புதிதாக மாற்றித் தரும் பாலிசியில் தேய்மானம் கழித்திருந்தால், வேலையை முடித்து பில் காட்டினால் அந்த மீதியைத் தரும் ஏற்பாடு பல நேரம் இருக்கும். அதற்குக் கெடு உண்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரை உடைத்த பிறகு புதுச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக் கூடுதல் கோரிக்கை அனுப்புங்கள்.

“முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற வாசகத்தில், தொகையில் உடன்பாடு இல்லாதபோது கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புக்கொண்ட பகுதியை இப்போது தரும்படியும், மீதி பேச்சில் இருப்பதாகவும் எழுதிக் கேட்கலாம்.

படி 8: மறுத்துவிட்டால்

எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாமல், அந்தப் பிரிவுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். “இது மெல்லக் கசிந்த நீர்” என்றார்களா? குழாய்த் துண்டைப் பார்த்த பொறியாளரின் அறிக்கையையும், அந்த மாதத் தண்ணீர்ப் பயன்பாடு திடீரென்று ஏறியதைக் காட்டும் பில்லையும் இணையுங்கள். முதலில் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் குறைதீர்ப்புப் பிரிவு, அடுத்துக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அல்லது ஒழுங்குமுறை அமைப்பு, அதற்கும் பிறகு நீதிமன்றம். தொகையில் மட்டும் தகராறு என்றால் நடுவர் வழியைப் பாலிசியே சொல்லியிருக்கலாம்.

வழக்குப் போடும் காலக்கெடு பாலிசியிலோ அந்தந்த நாட்டுச் சட்டத்திலோ இருக்கும். சில இடங்களில் அது சேதம் நடந்த நாளிலிருந்து ஓடும், சில இடங்களில் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து. கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதால் அந்தக் கெடு நிற்காது. மறுப்பு வந்த அன்றே கடைசி நாளைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். நெருங்கும்வரை விடாமல், இரண்டு மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே காப்பீட்டு வழக்குகள் தெரிந்த ஒரு வக்கீலிடம் முழுக் கோப்பையும் காட்டிவிடுங்கள்.