பிள்ளையோடு இங்கிலாந்தில் படிப்பதற்கு: நேசரிக் காசில் யாருக்கு என்ன உதவி கிடைக்கும்

யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் படிக்கப் போனால் பிள்ளையை அம்மம்மா பார்ப்பார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி பார்ப்பார். லண்டனில் முழுநாள் நேசரிக்கு வாரம் 300 பவுணுக்கு மேல் கேட்கிறார்கள். அதைக் கேட்டதும் “பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பார்ப்போம்” என்று படிப்பைத் தள்ளிவைக்கிற பெண்கள் நிறையப் பேர். தள்ளிவைக்க முதல் இதை வாசியுங்கள். உதவி இருக்கிறது. ஆனால் எந்த உதவி என்பதை உங்கள் விசாதான் தீர்மானிக்கும்.

மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி தொடக்கம், ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் அரச புலமைப்பரிசிலிலும் போகிறவர்களைத் தவிர, வேறு யாரும் இந்த விசாவில் கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போக முடியாது. கூட்டிப் போக முடிந்தவர்களுக்கும் அரச நிதியுதவி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. தெரியாமல் சைல்ட் பெனிஃபிட்டுக்கு (பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணம்) விண்ணப்பித்தாலும் விசாவுக்குச் சிக்கல் வரலாம். “அங்கே போனால் பிள்ளைக்கு அரசாங்கமே காசு கொடுக்கும்” என்று இங்கே யாராவது முகவர் சொன்னால், எந்தத் திட்டம், எந்த விசாவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது.

கலியாணம் கட்டி ஸ்பவுஸ் விசாவில் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் அதே நிபந்தனைதான். ஆனாலும் வெறுங்கை இல்லை. இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 15 மணித்தியாலம், வருடத்தில் 38 வாரம், நேசரி இலவசம். இதற்குப் பெற்றோரின் விசாவைப் பார்ப்பதில்லை. மாணவர் விசாக்காரரின் பிள்ளைக்கும் உண்டு. மூன்று வயது முடிந்து அடுத்த தவணையில் தொடங்கும். வருமானம் குறைந்த குடும்பமென்றால் இரண்டு வயதிலேயே கிடைக்கலாம், உள்ளூர் கவுன்சிலில் கேட்கவேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து 30 மணித்தியாலம் என்று சொல்வது வேலை செய்கிற பெற்றோருக்கானது. தகப்பன் வேலைக்குப் போக, தாய் படிப்பு மட்டும் என்றால் அது கிடையாது. தாயும் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 16 மணித்தியாலம் அளவுக்கு உழைக்கவேண்டும். இருவரில் ஒருவருக்காவது அரச நிதி பெறும் உரிமையும் இருக்கவேண்டும். கணவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரென்றால் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

சரி, பெரிய உதவிக்கு வருவோம். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, படிப்புத் தொடங்க முதல் மூன்று வருடம் அந்த நாட்டில் வாழ்ந்தவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் இங்கிலண்டில் (மாணவர்களுக்குக் கடனும் உதவியும் கொடுக்கும் அரச சேவை) விண்ணப்பிக்கலாம். அகதி நிலை கிடைத்தவர்கள் அந்த மூன்று வருடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முழுநேர முதற்பட்டப் படிப்பு, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை, வீட்டு வருமானம் குறைவு என்றால் சைல்ட்கெயார் கிராண்ட், அதாவது பிள்ளை பராமரிப்பு உதவித்தொகை, தருவார்கள். இது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. நேசரிச் செலவில் 85 வீதம் வரை கிடைக்கும். 2025/26 கல்வியாண்டில் உச்ச வரம்பு ஒரு பிள்ளைக்கு வாரம் 199.62 பவுண், இரண்டோ கூடவோ என்றால் 342.24 பவுண். ஒரு பிள்ளைக்கு நேசரி 200 பவுண் கேட்டால் கூடியது 170 வரும், 30 உங்கள் கையால். 300 கேட்டால் வரம்பு தடுக்கும், 100 பவுணுக்கு மேல் நீங்கள் போடவேண்டும். ஆகவே நேசரியைத் தெரிவுசெய்ய முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேரன்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸ் என்று, படிக்கிற பெற்றோருக்கான உதவிப் பணம் இன்னொன்று, அதே கல்வியாண்டில் வருமானத்தைப் பொறுத்து வருடம் 50 முதல் 2,024 பவுண் வரை. அதையும் சேர்த்துக் கேளுங்கள். நேர்சிங் படிக்கிறவர்களுக்கு, மாணவர் கடனுக்கு மேலாக, சுகாதாரத் துறை வருடம் 5,000 பவுணும், பிள்ளை இருந்தால் இன்னும் 2,000 பவுணும் தருகிறது.

எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுண்டு. தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் பிள்ளையை விட்டு, மாதம் கையில் காசு கொடுப்பது எங்கள் பழக்கம். கிராண்ட் அதற்குத் தரமாட்டார்கள். ஒஃப்ஸ்டெட்டில் (நேசரிகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பு) பதிந்த நேசரியோ, தன் வீட்டில் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டரோதான் வேண்டும். காசு உங்கள் வங்கிக்கு வராது. நேசரி கட்டணத்தைக் கேட்டு இணையத்தில் கோரிக்கை அனுப்பும், நீங்கள் பார்த்துச் சம்மதம் கொடுத்தபிறகு காசு நேரே அவர்களுக்குப் போகும். யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி) பிள்ளை பராமரிப்புப் பங்கையோ, வேலை செய்கிற பெற்றோருக்கான டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயார் உதவியையோ நீங்களோ கணவரோ எடுத்தால் இந்தக் கிராண்ட் இல்லை. கணவர் ஏற்கெனவே எதையாவது எடுக்கிறாரா என்று வீட்டில் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் இப்போது இல்லை, ஆங்கில வகுப்பு அல்லது கல்லூரிக் கோர்ஸ்தான் என்றால் வழி வேறு. 20 வயதுக்குக் குறைந்த பெற்றோருக்கு கெயார் டு லேர்ன் என்ற அரச திட்டம், பிள்ளைக்கு வாரம் 180 பவுண் வரை, லண்டனில் 195. 20க்கு மேற்பட்டவர்களுக்குக் கல்லூரியே தன் உதவி நிதியிலிருந்து கொடுக்கலாம். அந்த நிதிக்கு அளவுண்டு. சேர்ந்த உடனேயே மாணவர் உதவிப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

ஊரில் இருக்கும்போதே முடிக்கவேண்டிய வேலை பத்திரங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் கிராண்ட் விண்ணப்பம் நகராது. லண்டனிலிருந்துகொண்டு நல்லூருக்கோ உடுவிலுக்கோ ஆள் அனுப்பி எடுப்பது பெரிய பாடு. பிரதேச செயலகத்தில் இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் செய்வியுங்கள். மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கும்போது கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடவுச்சீட்டில் ‘டி எச்’ என்று தொடங்கும் தனுஷா, மொழிபெயர்ப்பில் ‘டி’ மட்டும் என்று வந்தால் அங்கே அது வேறு பிள்ளை. எங்களிடம் பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தான் முதற்பெயராக வரும். தாயின் கடவுச்சீட்டில் அவளுடைய தகப்பன் பெயர் இருக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று கேட்பார்கள், அதனால் விவாகச் சான்றிதழையும் மொழிபெயர்த்துக் கொண்டுபோங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் பெட்டிக்குள் வையுங்கள். ஊசி போட்ட விபரத்தை அங்கே வைத்தியரும் கேட்பார், நேசரியும் கேட்கும்.

கிராண்டுக்கு ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். பிள்ளை நேசரியை மாற்றினாலோ, நாட்களைக் குறைத்தாலோ உடனே அறிவியுங்கள், கூடுதலாகப் போன காசைத் திருப்பிக் கேட்பார்கள்.