கனடா விசாவும் அக்கா வீட்டு வாசலும்

வருடப் பிறப்பு ஆராதனையில், வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்த கையோடு, "அன்ரி, இதுதான் கர்த்தருடைய சித்தமோ?" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அட்டையை வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வையுங்கள். அதை நம்பிக் கலியாணத்தையோ வெளிநாட்டுப் பயணத்தையோ முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு கொப்பி எடுங்கள். "இது தேவனுடைய சித்தம்" என்று வேதம் வாய்விட்டுச் சொல்வதை எழுதுங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் இரண்டு உண்டு: பரிசுத்தமாயிருப்பது (4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது (5:18). எந்த ஊர், எந்த வேலை என்ற பேச்சே அங்கே இல்லை.

அடுத்த பக்கத்தில், தெரிந்தும் செய்யாமல் விட்டதை எழுதுங்கள். கனடா போவதா என்று நான் மாதக்கணக்காக உபவாசித்த காலத்தில், காணிப் பிரச்சினையால் அக்காவோடு மூன்று வருடம் கதைக்கவில்லை. முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:24 எனக்கு மனப்பாடம். கடைசியில் ஒரு பாரை மீனை வாங்கிக்கொண்டு நிலாவெளி பஸ்ஸில் ஏறி, உப்புவெளியில் இறங்கினேன். அக்கா கதவைத் திறந்து, மீனை வாங்கி, "நீ போனால் அம்மாவை ஆர் பார்க்கிறது?" என்றாள். என் ஜெபத்தில் அம்மா ஒருநாளும் வந்ததில்லை.

பிறகுதான் சோதிப்பது. ரோமர் 12:2இல் "பகுத்தறிய" என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல், உலோகத்தைச் சோதிப்பதற்கும் வழங்கியது. அப்பா நகை வேலை செய்தவர். வந்த மோதிரத்தை உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு துளி அமிலம். மட்டமானது கண்ணெதிரே கரைந்துபோகும். உங்கள் விருப்பத்தையும் அப்படி இயேசு நடந்த நடைக்குப் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். பயத்தாலும் பெருமையாலும் பிறந்த விருப்பம் அங்கே நிற்காது.

தனியே முடிவெடுக்காதீர்கள். அப்போஸ்தலர் 16இல் ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகும் வழி தடைப்பட்டபின், மக்கெதோனியாவுக்கு வரும்படி ஒருவன் அழைக்கும் தரிசனத்தைத் துரோவாவில் கண்டவர் பவுல் ஒருவர்தான். ஆனால் புறப்படும் முடிவைப் பற்றி "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்றே எழுதியிருக்கிறது. உங்களை முகத்துக்கு நேரே கண்டிக்கக்கூடிய இருவரிடம் கொப்பியைக் காட்டுங்கள்.

நிச்சயமானதும் புறப்படுங்கள், எதிர்பார்த்தபடியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தரிசனத்தில் அழைத்தவன் மக்கெதோனியா தேசத்து ஆண். பிலிப்பி ஆற்றங்கரையில் கூடியிருந்ததோ பெண்கள், லீதியாளும் அவர்களில் ஒருத்தி. பவுல் அந்த மனிதனைத் தேடி அலையவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு பேசினார்.